பலெர்மோ: கையில் அளவான காசு, கூட ஒரு தோழி

நீங்கள் ஜெர்மனியில் படிக்கிறீர்கள். தோழி சென்னையிலிருந்து வருகிறார். அக்டோபர் கடைசியில் நான்கு இரவுகள் இத்தாலியில் ஏதாவது ஒரே ஊரில் தங்க ஆசை. விமானச் செலவு தவிர்த்து ஆளுக்கு 300 யூரோவுக்குள் முடிய வேண்டும். வெனிஸ், ஃபுளோரன்ஸ் அறை வாடகையைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கும்போது யாரோ சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ என்று சொல்லியிருக்கிறார்கள். போகலாமா, மாஃபியா ஊராயிற்றே பயமில்லையா, தோழி சைவம் ஆயிற்றே என்ன சாப்பிடுவார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். உங்கள் பட்ஜெட்டுக்கு இத்தாலியில் இதைவிடப் பொருத்தமான பெரிய ஊர் எனக்குத் தோன்றவில்லை. மலிவு என்பது மட்டும் காரணம் இல்லை. வெனிஸுக்குக் குறைந்த காசோடு போனால் ஊருக்கு வெளியே மெஸ்த்ரேயில் படுத்து, சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச்சைப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்று, நல்லதெல்லாம் வேறு யாருக்கோ என்ற நினைப்போடு திரும்ப வேண்டியிருக்கும். பலெர்மோவில் அப்படி இல்லை. இரண்டரை யூரோ பன்னை வக்கீலும் மீன்காரரும் ஒரே கவுண்டரில் நின்று சாப்பிடுகிறார்கள். ஊர் தன்னைப் பற்றிப் பெருமைப்படும் சாப்பாடே அதுதான். டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியவை இரண்டு மூன்று. மற்றதெல்லாம் தெருவில்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையத்தின் பெயரே ஃபால்கோனே–போர்செல்லினோ. மாஃபியாவைக் கூண்டில் ஏற்றிய இரண்டு நீதித்துறை அதிகாரிகளின் பெயர்கள் அவை. ஜொவான்னி ஃபால்கோனே விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தபோது, 1992 மே 23 அன்று, கப்பாச்சி அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். 57 நாள் கழித்து, ஜூலை 19 அன்று, பாவ்லோ போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் கொல்லப்பட்டார்கள். விமான நிலையப் பஸ் அந்த நெடுஞ்சாலை வழியாகத்தான் வருகிறது. சாலையோரம் உயரமான நினைவுத் தூண்கள் நிற்கும், கவனியுங்கள்.

அந்த 1992தான் ஊரின் மனநிலையை மாற்றிய வருடம். 2004-இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'அத்தியோபித்ஸோ' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மாட்டோம் என்று கடைகள் வெளிப்படையாகச் சொல்லும் இயக்கம் அது. அதில் சேர்ந்த கடைகளின் கதவில் ஸ்டிக்கர் இருக்கும். ஒரே விலையில் இரண்டு கடை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய கடையில் வாங்குவது என் வழக்கம். நோத்தர்பார்த்தோலோ தெருவில் ஃபால்கோனே குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு மரம் இருக்கிறது. அதன் அடிமரத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களும் படங்களும் ஒட்டியபடியே இருக்கும்.

சுற்றுலாப் பயணிக்கும் மாஃபியாவுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. நீங்கள் பயப்பட வேண்டியது ஸ்கூட்டர்களைத்தான். ஒற்றையடிச் சந்திலும் வருவார்கள், பாதசாரிகள் தெரு என்று போர்டு வைத்த இடத்திலும் வருவார்கள். சந்தை நெரிசலில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ரயில் நிலையத்தை ஒட்டிய வெறிச்சோடிய சந்துகளை விட்டுவிட்டு மக்வேதா தெரு வழியாகவே நடங்கள். அது நடுநிசி வரை கலகலப்பாக இருக்கும்.

ஊருக்கு வந்து சேர இரண்டு வழி. ஜெர்மனியிலிருந்து மலிவு விமானம் பிடித்து நேராக இறங்குவது ஒன்று. விமான நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புந்தா ராய்சியில் இருக்கிறது. ரயில், பஸ் இரண்டும் உண்டு; ஆறேழு யூரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம். டாக்ஸி வேண்டாம். இன்னொரு வழி, ரோமில் இறங்கி இரவு ரயிலில் வருவது. நேரம் அதிகம், விலையும் சில சமயம் விமானத்தைவிடக் கூடுதல். ஆனாலும் சொல்கிறேன். இத்தாலியின் கால் நுனியில் உள்ள வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றுவார்கள். நீங்கள் படுத்திருக்கும் பெட்டி கடலைக் கடந்து மெசினாவில் இறங்கும். நடுவில் மேல்தளத்துக்கு ஏறிப்போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். தோழிக்கு ரயில் பைத்தியம் உண்டென்றால் அந்த ஒரு இரவை இதற்கே கொடுக்கலாம். இல்லையென்றால் விமானமே போதும்.

வட்டார ரயிலில் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஊர்ப் பஸ்ஸிலும் அதே கதை. பஸ் டிக்கெட்டைப் பெட்டிக்கடையில், அதாவது கறுப்பு போர்டில் வெள்ளை 'டி' எழுத்து போட்ட தபாக்கியில், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நேரத்துக்கு வரும் என்று நம்பி மட்டும் எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

அறை விஷயம். அக்டோபர் கடைசியில் இருவருக்குச் சின்ன பி அண்ட் பி அறை 60 யூரோ அளவில் கிடைக்கும். நான்கு இரவுக்கு ஆளுக்கு 120 ஆகிறது. ஹாஸ்டல் படுக்கை இதைவிடக் குறைவுதான், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து போகும்போது வித்தியாசம் பெரிதாக இருக்காது. கதவைப் பூட்டிவிட்டு மத்தியானம் தூங்கும் சௌகரியத்துக்காக அறையையே எடுங்கள். நான்கு முனைச் சந்திப்பான குவாத்ரோ காந்திக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில், அல்லது கடல் பக்கம் கல்சா பகுதியில் தேடுங்கள். வூச்சிரியா சதுக்கத்துக்கு மேல் மாடியில் அழகான பால்கனியோடு மலிவாக ஓர் அறை கண்ணில் படும். வேண்டாம். பகலில் தூங்கி வழியும் அந்தச் சதுக்கத்தில் ராத்திரி இரண்டு மணி வரை பாட்டும் பீரும் ஓடும். இன்னொன்று, பழைய மாளிகைகளை உடைத்துப் போட்ட அறைகள் பலவும் நான்காம் மாடியில், லிஃப்ட் இல்லாமல் இருக்கும். முன்பதிவுக்கு முன் 'ஆஷென்சோரே' உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஆளுக்கு, இரவுக்கு என்று நகராட்சி ஒரு சின்ன வரி வாங்குகிறது. அது பெரும்பாலும் வாடகையில் சேராது. வந்திறங்கியதும் ரொக்கமாகக் கேட்பார்கள். ஏமாற்று வேலை இல்லை, கொடுத்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பலெர்மோவின் தெருச் சாப்பாட்டில் முதலிடம் என் கணக்கில் பனெல்லேக்குத்தான். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியாகக் கிண்டி, ஆறவிட்டு மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது. எள் தூவிய மெத்தென்ற பன்னுக்குள் நான்கைந்து வில்லை வைத்து, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து கொடுப்பார்கள். நம் பஜ்ஜியின் மேல்மாவை மட்டும் தனியே எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளையாக நீங்கள் இருந்திருந்தால் இது உங்களுக்காகவே செய்த பண்டம். கூடவே உருளைக்கிழங்கை மசித்துப் புதினா அல்லது பார்ஸ்லி சேர்த்து உருட்டிப் பொரித்த க்ரொக்கேயையும் கேட்டு வாங்கலாம். இரண்டிலும் இறைச்சி இல்லை. தோழியின் கவலை பாதி தீர்ந்தது.

மீதிப் பாதியில்தான் கண்ணிகள் இருக்கின்றன. அரஞ்சினா என்ற பெரிய சோற்று உருண்டை எல்லாக் கடையிலும் இருக்கும். 'அல் பூர்ரோ' என்றால் வெண்ணெய், ஆகவே சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே பன்றித் தொடை இறைச்சித் துணுக்குகள் இருக்கும். கீரை வைத்த அரஞ்சினா இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த ரொட்டியில் மேலே தெரிவது தக்காளியும் வெங்காயமும்தான். நெத்திலி கரைந்து உள்ளே போயிருக்கும். கன்னோலி என்ற குழல் இனிப்பின் மொறுமொறு கூட்டுக்குப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். முட்டை, சீஸ் வரை சரி, அதற்கு மேல் வேண்டாம் என்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. தோழி பார்ப்பவராக இருந்தால் தெரிந்திருக்கட்டும். 'சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே', அதாவது கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் நெத்திலி கணக்கில் வராமல் போய்விடலாம்.

பல்லரோ சந்தையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அடுப்பில் தோலோடு சுட்ட பெரிய வெங்காயம், வேகவைத்த உருளைக்கிழங்கு, பருவத்தில் ஆர்ட்டிசோக் எல்லாம் சுடச்சுடத் தட்டில் குவித்து விற்பார்கள். ஊர்ப் பெண்கள் வீட்டுக்குப் போய் எண்ணெயும் வினிகரும் விட்டுக் கலந்துகொள்வதற்காக வாங்கிப்போவது அது. உங்களுக்கு அறையில் சமையலறை இருந்தால் இரவுச் சாப்பாடு மூன்று யூரோவில் முடிந்தது. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாக வதக்கிய கப்போனாத்தாவும் கிடைக்கும். கோடையில் போனால் ஒரு மீட்டர் நீளச் சுரைக்காயையும் அதன் கொழுந்துகளையும் கட்டுக் கட்டாக விற்பதைப் பார்க்கலாம். நீங்கள் போகும் நேரத்தில் அது ஓய்ந்திருக்கும். பதிலுக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழம் இருக்கும். கடைக்காரர் முள் நீக்கி, தோலுரித்துக் கையில் கொடுப்பார். நீங்களே எடுக்கப் போகாதீர்கள், அந்தப் பொடிமுள் மூன்று நாளைக்கு விரலைவிட்டுப் போகாது.

நீங்கள் எல்லாம் சாப்பிடுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பானி கா மேவுசா கடை முன்னால் ஐந்து நிமிடம் சும்மாவாவது நின்று பாருங்கள். சாய்த்து வைத்த வட்டச் சட்டி. அதன் தாழ்ந்த பக்கத்தில் பன்றிக் கொழுப்பு உருகிக் கொதிக்கும். மேட்டுப் பக்கத்தில் முன்பே வேகவைத்து மெல்லிசாக நறுக்கிய மாட்டு மண்ணீரலும் நுரையீரலும் குவிந்திருக்கும். நீங்கள் கேட்டதும் கடைக்காரர் ஒரு பிடியைக் கொழுப்புக்குள் தள்ளி, முள்கரண்டியால் வாரி, ஓரத்தில் அழுத்தி வடித்து, பிளந்த பன்னுக்குள் அடைப்பார். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது 'கன்னி'. ரிக்கோத்தா என்ற மென்மையான சீஸும் துருவிய சீஸும் சேர்த்தால் 'கல்யாணமானவள்'. அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். மாடு சாப்பிடாதவர் தவிர்த்துவிடலாம். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரியில் சுடும் ஸ்டிக்கியோலாவும் உண்டு. மாலையில் தெருமுனையில் வெண்புகை எழுந்தால் அங்கேதான்.

உணவகத்தில் உட்கார்ந்தால் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை பில்லில் ஏறும். மேஜைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது. நாட்டு வழக்கம், வாதிட்டுப் பயனில்லை. அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காபியை நின்றபடி குடித்தால் ஒரு யூரோ சொச்சம், உட்கார்ந்தால் விலை மாறும். ஒரு நாளைக்கு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பாடு, மற்றதெல்லாம் தெருவில் என்று வைத்தால் ஆளுக்கு 25 யூரோவில் வயிறு நிறைந்துவிடும்.

அக்டோபர் கடைசி என்றதும் நான் சந்தோஷப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நவம்பர் 2 அங்கே இறந்தோர் நாள். சிசிலியில் அது குழந்தைகளின் பண்டிகை. இறந்துபோன தாத்தா பாட்டிகள் ராத்திரி வந்து பரிசும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லி வளர்ப்பார்கள். அதற்காகக் கடைகளில் சர்க்கரையில் வார்த்து வண்ணம் தீட்டிய வீரர் பொம்மைகளும், பாதாம் மாவில் செய்த பழங்களும் வந்துவிடும். பாதாம் பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அத்திப்பழத்தில் வெடிப்பு, பேரிக்காயில் பழுப்புப் புள்ளி, கொய்த இடத்துக் காம்பு உட்பட அப்படியே இருக்கும். ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல பரிசு இல்லை, கெடவும் கெடாது. ப்ரெதோரியா நீரூற்றுக்கு எதிரே சாந்தா கத்தரீனா மடத்துக்குள் ஓர் இனிப்புக்கடை இருக்கிறது. பல மடங்களின் கன்னியர் வழிவழியாகக் காத்த செய்முறைகளில் செய்கிறார்கள். அங்கே ஒரு கன்னோலி வாங்கி உள்முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒன்றை இருவர் பகிரலாம், அவ்வளவு பெரிது.

டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியவற்றில் தவறவே கூடாதது நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா தேவாலயம். ஆளுக்குப் பதினைந்து யூரோவுக்கு மேல் ஆகும், முணுமுணுக்காமல் கொடுங்கள். கொஞ்சம் பின்கதை தெரிந்தால் அதன் அருமை புரியும். 831-இல் அரபுகள் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1072-இல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இருந்த ஆட்களைத் துரத்திவிட்டு ஊரை நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தன் அரண்மனைத் தேவாலயத்துக்கு யாரை வேலைக்கு வைத்தார் என்று பாருங்கள். சுவரில் தங்கப் பின்னணியோடு மொசைக் பதித்தவர்கள் கிரேக்க மரபுக் கலைஞர்கள். மரக் கூரையைச் செதுக்கித் தேன்கூட்டு அடுக்காகத் தொங்கவிட்டவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள். அந்தக் கூரை மடிப்புகளுக்குள் இசைக்கலைஞர்கள், ஒட்டகங்கள், கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள், சதுரங்கம் ஆடும் இருவர் என்று ஒரு முழு அரசவையே வரைந்திருக்கிறது. ஒரு கிறிஸ்தவ ராஜாவின் பூஜை அறைக்கு மேல்! வெறுங்கண்ணுக்கு எட்டாது, சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள், இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியே சுவரில் ரோஜரின் 1142-ஆம் வருடத்து நீர்க்கடிகாரத்தைப் பற்றிய கல்வெட்டு லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் இருக்கிறது. அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அரண்மனையில் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. அது கூடும் வார நாட்களில் ராஜ அறைகளைப் பூட்டிவிடுவார்கள். வெள்ளி முதல் திங்களுக்குள் போனால் முழுதாகப் பார்க்கலாம். காலை திறக்கும் நேரத்துக்கே வரிசையில் நில்லுங்கள். பத்தரைக்கு மேல் குழுக்கள் வந்து மொய்த்துவிடும்.

இரண்டாவது, மலைமேல் இருக்கும் மொன்ரியாலே ஊர். இந்திபெந்தென்ஸா சதுக்கத்திலிருந்து 389 பஸ் மேலே போகிறது. 1174 வாக்கில் இரண்டாம் வில்லியம் கட்டத் தொடங்கிய தேவாலயம். உள்சுவர்களில் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். பக்கத்து மடத்து முற்றத்தில் 228 இரட்டைத் தூண்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. முற்றத்துக்குத் தனி டிக்கெட். மாத முதல் ஞாயிறு அன்று அரசு அருங்காட்சியகங்களும் இது போன்ற இடங்களும் இலவசம். உங்கள் தேதி அந்த ஞாயிறைத் தொடுமானால் இதையும் அபத்தெல்லிஸ் அரண்மனைக் கலைக்கூடத்தையும் அன்றைக்கு வையுங்கள். அந்தக் கலைக்கூடத்தில் அந்தொனெல்லோ தா மெசினா வரைந்த கன்னி மரியாள் படம் ஒன்று இருக்கிறது. நீல முக்காட்டோடு ஒரு பெண், ஒரு கையை லேசாக முன்னால் நீட்டியபடி. சின்னப் படம். அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றால்கூடப் போதவில்லை என்று தோன்றும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேராலயத்துக்குள் நடுக்கூடம் இலவசம்; தெற்கு வாசல் மண்டபத்தின் ஒரு தூணில் குர்ஆன் வரிகள் பொறித்திருப்பதைத் தேடிப் பாருங்கள். மர்த்தொரானா தேவாலயத்துக்குச் சில யூரோதான், கட்டாயம் போங்கள். குவாத்ரோ காந்தியில் நின்று நான்கு மூலைகளையும் சுற்றிப் பார்க்கக் காசில்லை. மரீனா சதுக்கத்துத் தோட்டத்தில் விழுதுகளே தூண்களாகிப்போன ஒரு பிரம்மாண்டமான மரம் நிற்கிறது. ஆலமரத்தின் இனம்தான், 19-ஆம் நூற்றாண்டில் நட்டது. தெரு மூலைகளில் இத்தாலியம், ஹீப்ரு, அரபு மூன்றிலும் எழுதிய பெயர்ப்பலகைகள் பழைய யூதர் பகுதியைக் காட்டும். கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் ஆயிரக்கணக்கான பதப்படுத்திய உடல்களை உடுப்போடு சுவரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பலர் அதைக் கட்டாயம் பார் என்பார்கள். எனக்கு ஒரு தடவையே போதும் என்றாகிவிட்டது. தோழியிடம் முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவாலயங்கள் மத்தியானம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குப் பூட்டி மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். சின்னக் கடைகளும் அப்படியே. அந்த நேரத்தில் நடந்து களைத்து, பசித்து, எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போதுதான் சிநேகிதர்களுக்குள் சண்டை வரும். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் நான்கு வரை படுங்கள். ஊரே அப்படித்தான் செய்கிறது. ஆளுக்கு நூறு யூரோ போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். காபி, பஸ், பழம் எல்லாம் அதிலிருந்து. ஒருவர் மண்ணீரல் பன் வாங்கினால் அது அவரவர் காசு! ஒரு அரை நாளாவது தனித்தனியாகச் சுற்றுங்கள். நீங்கள் மீன்கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் அவர் கலைக்கூடத்தில் இருக்கட்டும். ராத்திரி பேச விஷயம் இருக்கும்.

ஞாயிறு காலைக்கு ஒரு யோசனை. ஊருக்கு வடக்கே 606 மீட்டர் உயரத்தில் பெல்லெக்ரினோ மலை. அதன் மேல் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோவில். 12-ஆம் நூற்றாண்டில் அங்கே தவமிருந்ததாகச் சொல்லப்படும் பெண் அவர். 1624-இல் கொள்ளைநோய் ஊரை வாட்டியபோது அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் நின்றது என்பது நம்பிக்கை. ஜூலை 14 இரவு ஊரே தெருவில் இறங்கித் தேர் இழுப்பது இவருக்காகத்தான். இந்தக் கோவிலுக்கு இத்தாலியர்களோடு ஈழத் தமிழர்களும் நிறைய வருகிறார்கள். போர்க்காலத்தில் வந்து பலெர்மோவில் குடியேறிய குடும்பங்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, இந்துக்களும் பலர் வருகிறார்கள். காலை வெயில் ஏறும் முன் கல் பாவிய பழைய பாதையில் நடந்து ஏறுவார்கள். சேலையில் அம்மாக்கள், பின்னால் இத்தாலியத்தில் பேசிக்கொண்டு பிள்ளைகள். குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க உலோகத் தகட்டு வாய்க்கால்கள் கோணல்மாணலாகத் தலைக்கு மேல் ஓடுகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாடை போர்த்திய புனிதை படுத்திருக்கிறார். நடக்க முடியாதென்றால் 812 பஸ் மேலே போகும். நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. "வணக்கம் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஊர், எங்கே படிக்கிறீர்கள் என்று விசாரணை தொடங்கிவிடும். ஊரில் நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கும்பிடுகிறவர்களைப் படமெடுக்க மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் கடலுக்கு. மொந்தெல்லோ 806 பஸ்ஸில் போகும் தூரம். அக்டோபர் கடைசியிலும் வெயில் அடித்தால் தண்ணீரில் இறங்கலாம். ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் செஃபலூவுக்கு ரயில் ஏறுவேன். ஒரு மணி நேரம். இரண்டாம் ரோஜர் 1131-இல் தொடங்கிய பேராலயம், அதன் பின்னால் செங்குத்துப் பாறை, காலடியில் மணல் கடற்கரை, எல்லாம் நடக்கும் தூரத்தில். பாறை மேல் ஏறுவதாக இருந்தால் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்தால் விட்டுவிடுங்கள்.

கணக்கைக் கூட்டினால் ஆளுக்கு அறை 120, சாப்பாடு 100, டிக்கெட்டுகள் 40, ரயில் பஸ் 30. 300-க்குள் அடங்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, தோழியின் விசா. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் செல்லும் ஒரே விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறாரோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களோடு ஜெர்மனியில் பத்து நாள், இத்தாலியில் நான்கு இரவு என்றால் ஜெர்மனிக்கு. இத்தாலி தூதரகத்துக்கு அலையத் தேவையில்லை. கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அறையை முன்பதிவு செய்யும்போது காசில்லாமல் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து எடுங்கள், விமான டிக்கெட்டை விசா கைக்கு வந்தபின் வாங்குங்கள்.